குளிர் இணைவை நம் மேசையில் சோதிப்பதென்றால்: ஒரு கடலோரக் கல்லூரியின் முன் உள்ள நான்கு வழிகள்

இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள ஒரு சிறிய கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். முதுகலை இறுதியாண்டு மாணவர்கள் மூவர், தங்கள் ஆய்வுத் திட்டத்துக்குக் குளிர் இணைவை, அதாவது பெரும் வெப்பம் இல்லாமலேயே அணுக்கருக்கள் இணைவதாகச் சொல்லப்படும் நிகழ்வை, எடுத்துக்கொள்ள விரும்புவதாகச் சொல்லிச் சென்ற மாதம் என்னிடம் வந்தார்கள். ஒருவருடைய தந்தை வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்ப்பவர். மற்ற இருவரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். “கடல் தண்ணியிலயே டியூட்டீரியம் இருக்குன்னு நீங்கதானே சார் பாடம் நடத்துனீங்க?” என்று மாணவி ஒருவர் கேட்டார். நடத்தியது உண்மைதான். டியூட்டீரியம் என்பது கருவில் ஒரு நியூட்ரானும் சேர்ந்த கன ஹைட்ரஜன். ஒரு கன மீட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 33 கிராம் டியூட்டீரியம் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுக்களை எண்ணிக்கொண்டே போனால் சுமார் 6,400-க்கு ஒன்று டியூட்டீரியமாக இருக்கும். மன்னார் வளைகுடாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது தேர்வுக்கான கணக்காக மட்டும் தோன்றாததில் வியப்பில்லை.

அவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் எந்தச் சோதனையைச் செய்வது என்பதை நான்தான் முடிவு செய்து கையெழுத்திட வேண்டும். கையில் இருப்பவை நிலையான மின்னோட்டம் தரும் ஒரு மின்வழங்கி, வெப்பநிலையை அளக்கும் சில வெப்பமின் இரட்டைகள், ஒரு நீர்த்தொட்டி, ஒரு நல்ல தராசு, ஐந்து மாத காலம். இவற்றைக்கொண்டு குளிர் இணைவு உண்டா இல்லையா என்ற வழக்கை முடித்துவிட முடியாது. ஆனாலும் அந்த வழக்கின் ஏதேனும் ஒரு முடிச்சையாவது நேர்மையாக அவிழ்த்துப் பார்க்கும் வழி இருக்க வேண்டும் என்று தோன்றியது. நான்கு வழிகளை எடைபோட்டேன். இதே கேள்வி வேறு சிறிய கல்லூரிகளின் ஆசிரியர்களிடமும் வரக்கூடும் என்பதால், எடைபோட்ட விதத்தை இங்கே எழுதுகிறேன்.

வழக்கு எதைப் பற்றியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1989 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், மார்ட்டின் ஃபிளைஷ்மன், ஸ்டான்லி பான்ஸ் என்ற இரு மின்வேதியியலாளர்கள் செய்தியாளர்களைக் கூட்டி ஓர் அறிவிப்பைச் செய்தார்கள். லித்தியம் டியூட்டீராக்சைடு கலந்த கனநீரில் (ஹைட்ரஜனின் இடத்தில் டியூட்டீரியம் உள்ள நீரில்), பல்லேடியத்தை எதிர்மின்வாயாகவும் பிளாட்டினத்தை நேர்மின்வாயாகவும் வைத்து மின்பகுப்பு நடத்தியபோது, உள்ளே செலுத்திய ஆற்றலைவிட மிகுதியான வெப்பம் வந்தது என்றும், அது எந்த வேதிவினையாலும் விளக்க முடியாத அளவினது என்றும், ஆகவே அது அணுக்கரு இணைவுதான் என்றும் கூறினார்கள். பல்லேடியம் ஹைட்ரஜனைத் தன் பருமனைப்போலப் பல நூறு மடங்கு உறிஞ்சும் என்பது 1866-இல் தாமஸ் கிரஹாம் கண்டறிந்த செய்தி. அந்த உலோகக் கட்டமைப்புக்குள் நெருக்கி அடைக்கப்பட்ட டியூட்டீரியம் அணுக்கருக்கள், கோடிக்கணக்கான பாகை வெப்பம் இல்லாமலேயே ஒன்றோடொன்று இணைகின்றன என்பதே அவர்களுடைய கோரிக்கை.

மறுப்பு எழுந்த இடம் மிகத் தெளிவானது. இரண்டு டியூட்டீரியம் கருக்கள் இணைந்தால் என்ன நடக்கும் என்பது துகள் கற்றைகளைக்கொண்டு நெடுங்காலமாக அளக்கப்பட்ட ஒன்று. ஏறத்தாழப் பாதி வினைகளில் ஹீலியம்-3-உம் ஒரு நியூட்ரானும் வரும். மறுபாதியில் ட்ரிட்டியமும் (கருவில் இரண்டு நியூட்ரான் உள்ள ஹைட்ரஜன்) ஒரு புரோட்டானும் வரும். மிக அரிதாக, ஒரு கோடியில் ஒன்று என்ற அளவில், ஹீலியம்-4-உம் 23.8 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிரும் வரும். இந்தக் கணக்குப்படி, ஒரு வாட் வெப்பம் வர வேண்டுமானால் நொடிக்கு ஏறத்தாழ 85,000 கோடி நியூட்ரான்கள் வெளிவந்திருக்க வேண்டும். அந்தக் கலத்துக்குப் பக்கத்தில் நின்றவர் எவரும் பிழைத்திருக்க மாட்டார். வெப்பம் இருந்தது என்கிறார்கள், அதோடு வந்திருக்க வேண்டிய துகள்கள் என்ற சாம்பலைக் காணோம். இதுதான் 36 ஆண்டுகளைக் கடந்தும் தீராத வழக்கின் சுருக்கம்.

அதே ஆண்டு மே மாதம் பால்டிமோரில் நடந்த அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டத்தில் கால்டெக் ஆய்வாளர்கள் தங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று அறிவித்தார்கள். கலத்தில் திரவம் சரியாகக் கலக்கப்படாவிட்டால் இடத்துக்கு இடம் வெப்பநிலை மாறும் என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். பிரிட்டனின் ஹார்வெல் ஆய்வகம் நவம்பரில் எதிர்மறை முடிவை வெளியிட்டது. அதே மாதம் அமெரிக்க எரிசக்தித் துறையின் குழு, தனி ஆய்வு மையம் எதுவும் தேவையில்லை என்றும், இருக்கும் நிதியத் திட்டங்களுக்குள் கவனமான சில சோதனைகளை ஆதரிக்கலாம் என்றும் அறிக்கை தந்தது. 2004-இல் அத்துறை மீண்டும் 18 மதிப்பீட்டாளர்களைக்கொண்டு ஆராய்ந்தபோது, மிகை வெப்பம் பற்றிய சான்றில் அவர்கள் ஏறக்குறைய இரு பாதியாகப் பிரிந்தார்கள். அது அணுக்கருவினையால் வந்தது என்பதை மட்டும் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

நம் நாட்டின் பங்கையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், பி. கே. ஐயங்கார் இயக்குநராக இருந்த 1989-ஆம் ஆண்டிலேயே பல குழுக்கள் இந்தச் சோதனையில் இறங்கின, எம். சீனிவாசன் போன்றோர் முன்னின்ற அந்தப் பணியில் நியூட்ரானும் ட்ரிட்டியமும் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. விந்தை என்னவென்றால், சம அளவில் வர வேண்டிய இரண்டில், ட்ரிட்டியம் நியூட்ரானைவிடக் கோடி மடங்கு அளவில் மிகுந்திருந்தது. ஆதரவாளர்கள் இதைப் புதிய வகை வினையின் அடையாளம் என்றார்கள். ஐயுற்றவர்கள் ட்ரிட்டியம் முன்பே மாசாகக் கலந்திருக்கலாம் என்றார்கள். 2011 பிப்ரவரியில் இத்துறையின் பன்னாட்டு மாநாடு சென்னையில் நடந்தது. 2015-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் இதற்கென ஒரு சிறப்புப் பகுதியை வெளியிட்டது. ஆகவே இது நம்மவர்கள் தொடாத துறையும் அல்ல, முட்டாள்கள் மட்டும் உழன்ற துறையும் அல்ல.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

முதல் வழி, யூட்டாவில் செய்ததை அப்படியே செய்து பார்ப்பது. மாணவர்களின் மனம் நின்ற இடமும் இதுதான். இதற்கு எதிராக நான் சொல்லப்போகும் எதுவும் அந்த ஆசையைக் குறைத்து மதிப்பிடுவதாகக் கொள்ளக்கூடாது. பலரும் ‘செய்து பார்த்தோம், வரவில்லை’ என்று 1989-இல் கூறியதில் ஒரு குறை இருந்ததை இன்று ஒப்புக்கொண்டாக வேண்டும். கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வகத்தில் மைக்கேல் மெக்யூப்ரி குழுவினர், பல்லேடியத்தில் டியூட்டீரியம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்தே மிகை வெப்பம் தென்படுகிறது என்றார்கள்; ஒரு பல்லேடியம் அணுவுக்கு ஏறத்தாழ 0.9 டியூட்டீரியம் அணுவாவது ஏற வேண்டும் என்பது அவர்கள் கண்ட எல்லை. அந்த எல்லையைத் தொடாமல் எதிர்மறை முடிவை அறிவித்தால், அடுப்பைப் பற்றவைக்காமல் சோறு வேகவில்லை என்பதுபோல் ஆகிவிடும். ஆனால் அந்த எல்லையைத் தொடுவதே பெரும்பாடு. கூகுள் நிறுவனத்தின் நிதியில், ஏறத்தாழ 30 ஆய்வாளர்கள், 1 கோடி டாலர் செலவில், 2015 முதல் செய்த ஆய்வு 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. குளிர் இணைவுக்குச் சான்று எதுவும் இல்லை என்று சொன்ன அந்தக் கட்டுரை, மிகுதியான டியூட்டீரியத்தை ஏற்றி நிலைநிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதையும் சொன்னது.

இந்தக் கடினத்தை நம் ஊரில் வைத்துப் பார்க்க வேண்டும். டியூட்டீரியத்தை ஏற்ற நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், மின்னோட்டம் தடையின்றி ஓட வேண்டும். மின்னோட்டம் நின்றால் ஏறியது இறங்கத் தொடங்கும். கச்சான் காற்று உரக்க வீசும் மாதங்களிலும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் எங்கள் ஊரில் மின்சாரம் எத்தனை முறை போய் வரும் என்பதை இங்கே வாழ்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்கலன்களை வைத்துச் சமாளிக்கலாம் என்றாலும், ஈரப்பதத்துக்கு விடை இல்லை. கனநீர், காற்றிலுள்ள ஈரத்தோடு தன் டியூட்டீரியத்தைப் பரிமாறிக்கொள்ளும் இயல்புடையது. திறந்த கலத்தில் சில நாள் வைத்தால் சாதாரண ஹைட்ரஜன் உள்ளே ஏறிவிடும். சாதாரண நீர் கலந்தால் விளைவு கெட்டுவிடும் என்று இந்த ஆய்வை நம்புவோரே கூறிவந்திருக்கிறார்கள். கடலுக்கு அரை மைல் தொலைவில், சாளரம் திறந்தால் சட்டை ஒட்டிக்கொள்ளும் ஓர் அறையில், நாம் எந்த முடிவைப் பெற்றாலும் ‘உங்கள் கனநீர் கனநீராக இல்லை’ என்று யாரும் சொல்லலாம். அது நியாயமாகவும் இருக்கும்.

கனநீரைப் பெறுவதும் எளிதன்று. நம் கடற்கரையிலேயே, தூத்துக்குடியில், 1978-இல் இயங்கத் தொடங்கிய கனநீர் ஆலை உர ஆலையின் அருகில் அமைந்து, அம்மோனியா, ஹைட்ரஜன் பரிமாற்ற முறையில் கனநீரைப் பிரித்தெடுத்தது. ஆயினும் கனநீர் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரையறுக்கப்பட்ட பொருள்களில் ஒன்று. அனுமதியும் கணக்கும் கேட்கும். பல்லேடியமோ நகைக்கடை உலோகங்களின் வரிசையில் விலை சொல்லப்படுவது.

ஆனால் இந்த வழியை நான் ஒதுக்கியதற்கு முதன்மையான காரணம் செலவு அல்ல, வெப்பக் கணக்கு. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் விவாதத்தின் பெரும்பகுதி இங்கேதான் நடந்தது. திறந்த கலத்தில் 4 வோல்ட்டில் 1 ஆம்பியர் செலுத்துவதாகக் கொள்வோம். உள்ளே போவது 4 வாட். ஆனால் அதில் ஒரு பங்கு, நீரை டியூட்டீரியமாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கச் செலவாகி, அந்த வாயுக்களோடு வெளியேறிவிடும். கனநீருக்கு இது ஆம்பியருக்கு 1.54 வாட். எனவே கலத்தில் வெப்பமாகத் தங்க வேண்டியது 2.46 வாட். இப்போது, வெளியேற வேண்டிய வாயுக்களில் பத்தில் ஒரு பங்கு, யாரும் அறியாமல் கலத்துக்குள்ளேயே மீண்டும் கூடி நீராகிவிட்டால், 0.154 வாட் கூடுதலாகத் தோன்றும். அதாவது ஆறு விழுக்காட்டுக்கு மேற்பட்ட ‘மிகை வெப்பம்’. அதில் அணுக்கருவுக்கு எந்தப் பங்கும் இல்லை. இதைத் தவிர்க்க மூடிய கலத்தில் வினையூக்கியை வைத்து எல்லா வாயுவையும் திரும்ப நீராக்கலாம், கணக்கு நேராகிவிடும். ஆனால் டியூட்டீரியமும் ஆக்சிஜனும் மூடிய பாத்திரத்தில் சேர்ந்திருப்பது விளையாட்டல்ல. 1992 ஜனவரியில் அதே எஸ்.ஆர்.ஐ. ஆய்வகத்தில் ஒரு கலம் வெடித்து ஓர் ஆய்வாளர் உயிரிழந்தார். பயிற்சி மிகுந்தவர்களின் மேசையில் நடந்ததை என் மாணவர்களின் மேசையில் நடக்காது என்று நான் எந்த அடிப்படையில் கையெழுத்திடுவேன்?

மூடிய கலத்திலும் ஒரு சிக்கல் பேசப்பட்டிருக்கிறது. கர்க் ஷானஹன் என்ற வேதியியலாளர் 2002-இல் எழுப்பிய கேள்வி அது: வெப்பம் கலத்தின் எந்த இடத்தில் உண்டாகிறது என்பது மாறினால், அளவித்திருத்த மாறிலியும் (வெப்பநிலை உயர்வை வாட் கணக்காக மாற்றும் எண்) சிறிதே மாறும், அந்தச் சிறு மாற்றமே மிகை வெப்பமாகக் கணக்கில் ஏறலாம். ஆதரவாளர்கள் இதை ஏற்கவில்லை. தங்கள் கருவிகளுக்கு இது பொருந்தாது என்று மறுமொழி தந்தார்கள். இருதரப்பையும் படித்தபோது, யார் சொல்வது சரி என்பதைவிட, இது நம் மேசையிலேயே சோதிக்கக்கூடிய கேள்வியாக இருக்கிறதே என்பதுதான் என் மனத்தில் நின்றது.

இரண்டாம் வழியைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. நிக்கல் தூளில் ஹைட்ரஜனை ஏற்றிச் சூடேற்றும் முறை, இத்தாலியில் பியான்டெல்லி, ஃபொகார்டி ஆகியோரின் 1994-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து வளர்ந்தது. 2011-க்குப் பின் ஆண்ட்ரியா ரோசியின் ‘இ-கேட்’ கருவியால் பெயர் பெற்றது. கனநீர் வேண்டாம், பல்லேடியம் வேண்டாம் என்பதால் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் ஆயிரம் பாகையைத் தாண்டும் வெப்பமும் அழுத்தத்தில் உள்ள ஹைட்ரஜனும் நமக்கு ஆகாது. அறிவு சார்ந்த காரணமும் உண்டு. 2014-இல் வெளியான, லுகானோவில் நடந்த சோதனை அறிக்கையில், அகச்சிவப்புக் கேமராவைக்கொண்டு அலுமினா குழாயின் வெப்பநிலையை அளந்தார்கள். அந்தக் கேமரா பார்க்கும் அலைநீளங்களில் அலுமினாவின் உமிழ்திறன் (சூடான பரப்பு எவ்வளவு கதிர்வீசும் என்ற அளவு) என்ன என்பதைத் தவறாகக் கொண்டதால் வெப்பநிலை மிகைப்பட்டது என்று விமர்சகர்கள் காட்டினார்கள். கூகுள் நிதியுதவியில் நடந்த ஆய்வில் சோதித்த நானூற்றுக்கு மேற்பட்ட நிக்கல், ஹைட்ரஜன் மாதிரிகளில் எதிலும் மிகை வெப்பம் இல்லை. ரோசிக்கும் அவருக்கு நிதியளித்த நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு 2017-இல் சமரசத்தில் முடிந்தது. மாணவர்கள் ஐந்து மாதம் உழைக்க இது இடமில்லை.

மூன்றாம் வழி, வெப்பத்தை விட்டுவிட்டுச் சாம்பலைத் தேடுவது: நியூட்ரான், மின்னேற்றத் துகள், ட்ரிட்டியம், ஹீலியம். தர்க்கப்படி இதுவே மேலான வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. வெப்பத்துக்கு நூறு காரணங்கள் இருக்கலாம். ஆற்றல் அளந்து காட்டப்பட்ட ஒரு நியூட்ரானுக்கு அவ்வளவு காரணங்கள் இருக்க முடியாது. ஆனால் இங்கேயும் கருவி ஏமாற்றியிருக்கிறது. 1989 ஏப்ரலில் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் நியூட்ரானைக் கண்டதாக அறிவித்து, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றார்கள். அவர்களுடைய உணர்கருவி நியூட்ரானுக்கு அல்ல, வெப்பத்துக்கு அசைந்திருந்தது. யூட்டா காட்டிய காமா நிறமாலையின் உச்சி, நியூட்ரான் நீரில் அகப்படும்போது வர வேண்டிய உச்சியின் வடிவத்தில் இல்லை என்பதை எம்.ஐ.டி.யின் பெட்ராசோ குழு எடுத்துக்காட்டியது.

சிறிய ஆய்வகங்களைக் கவர்வது சி.ஆர்-39 என்ற நெகிழித் தகடு. மூக்குக்கண்ணாடி வில்லைக்குப் பயன்படும் அதே பொருள். துகள் பாய்ந்த இடத்தை, சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அரித்தெடுத்தால் நுண்குழியாகத் தெரியும். சாதாரண நுண்ணோக்கியிலேயே எண்ணலாம். அமெரிக்கக் கடற்படையின் ஸ்பாவார் ஆய்வகத்தில் பமேலா மோசியர்-பாஸ் முதலியோர், பல்லேடியம் குளோரைடு கரைசலிலிருந்து பல்லேடியத்தையும் டியூட்டீரியத்தையும் ஒன்றாகப் படியவைத்து, இத்தகைய குழிகளைக் கண்டதாக எழுதினார்கள். அவற்றில் சில வேதி அரிப்பாலும் வரலாம், காற்றிலுள்ள ரேடானாலும் வரலாம் என்பது எதிர்வாதம். நம்மால் தகட்டை வாங்கவும் அரிக்கவும் எண்ணவும் முடியும்; பின்புலத்தைப் பிரித்தறிய வேண்டிய நூற்றுக்கணக்கான எதிர்நிலைத் தகடுகளுக்கு (வினை நடக்காத இடத்தில் ஒப்பீட்டுக்காக வைப்பவை) ஐந்து மாதம் போதாது. சில குழிகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அவை என்ன என்று சொல்ல முடியாமல் மாணவர்கள் நிற்பதை நான் விரும்பவில்லை.

ஹீலியத்தைப் பற்றி ஒரு சொல். என்னை இந்த வழக்கில் முழு மறுப்பாளனாக ஆகவிடாமல் வைத்திருக்கும் சான்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். கலிஃபோர்னியாவின் சைனா லேக் கடற்படை ஆய்வகத்தில் மெல்வின் மைல்ஸ், 1991 முதல், மிகை வெப்பம் வந்த கலங்களின் வாயுவில் ஹீலியம்-4 இருந்ததாகவும், வராதவற்றில் இல்லை என்றும், ஒரு ஹீலியம் அணுவுக்கான வெப்பம் 24 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவை ஒட்டியிருந்தது என்றும் அறிவித்தார். ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு அளவீடுகள் ஒத்துப்போவது தற்செயலாக நிகழ்வது கடினம். அதற்கு எதிரே நான் போட்டுப் பார்த்த கணக்கு இது: ஒரு வாட் மிகை வெப்பம் முழுதும் இந்த வினையால் வந்தால், ஒரு நாள் முழுவதும் உண்டாகும் ஹீலியம் சுமார் 0.84 மைக்ரோலிட்டர். சாதாரணக் காற்றில் ஹீலியம் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு இருக்கிறது. அப்படியானால் ஒரு நாளைய விளைச்சல், ஏறத்தாழ 160 மில்லிலிட்டர் காற்றில், அதாவது ஒரு சிறிய டம்ளர் காற்றில், ஏற்கெனவே இருக்கும் ஹீலியத்துக்குச் சமம். கண்ணாடிச் சுவரையே ஊடுருவும் வாயு அது. இதை ஐயமற அளக்க உயர்தர நிறை நிறமாலைமானியும் உலோகக் கலங்களும் வேண்டும். பெரிய ஆய்வகம் ஒன்று இன்று இந்த வழக்கில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் பணம் உண்டு என்றால், நான் ஹீலியத்துக்கே கொடுக்கச் சொல்வேன். எங்கள் கல்லூரிக்கு அது எட்டாது.

நான்காம் வழி, பார்வைக்கு மிகச் சாதாரணமானது. கனநீரும் வேண்டாம், பல்லேடியமும் வேண்டாம். சாதாரண வடிநீரில் பொட்டாசியம் கார்பனேட்டைக் கரைத்து, நிக்கல் வலையை எதிர்மின்வாயாகவும் பிளாட்டினக் கம்பியை நேர்மின்வாயாகவும் வைத்து, இல்லாத மிகை வெப்பம் எப்படித் தோன்றுகிறது என்பதை அளப்பது. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1991-இல் இதே வகைக் கலத்தில், சாதாரண நீரிலேயே, பெரும் மிகை வெப்பம் வருவதாக ஓர் அறிவிப்பு வந்தது. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஜோன்ஸ் உள்ளிட்ட குழு, 1995-இல் வெளியிட்ட கட்டுரையில், வாயுக்கள் கலத்துக்குள் மீண்டும் கூடுவதே இதற்குப் போதிய விளக்கம் என்று காட்டியது. வாயுக்கள் கலப்பதைத் தடுத்ததும் மிகை வெப்பம் மறைந்தது. இந்த ஜோன்ஸ், 1989-இல் யூட்டா ஆய்வாளர்களோடு ஒரே காலத்தில், வெப்பம் இல்லாமல் சிறிதளவு நியூட்ரான் மட்டும் கண்டதாக ‘நேச்சர்’ இதழில் எழுதியவர் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் இந்தத் துறையின் வெளியாள் அல்லர்.

சிறிய மின்னோட்டத்தில் இந்தப் பிழை எவ்வளவு பெருக்கும் என்பதைக் காட்டினால்தான் இதன் அருமை விளங்கும். 2 வோல்ட்டில் 10 மில்லி ஆம்பியர் செலுத்தினால் உள்ளே போவது 20 மில்லிவாட். சாதாரண நீரில் ஆம்பியருக்கு 1.48 வாட் வாயுவோடு போக வேண்டும், ஆக 14.8 மில்லிவாட் வெளியேற, தங்குவது 5.2 மட்டும். வாயுவில் நூற்றுக்கு முப்பது உள்ளேயே கூடிவிட்டால் 4.4 மில்லிவாட் கூடும். காகிதத்தில் அது எண்பத்தைந்து விழுக்காடு மிகை வெப்பம்! விழுக்காட்டை மட்டும் பார்த்தவர் மலைத்துப்போவார். மில்லிவாட்டைப் பார்த்தவர் வாயுவை எண்ணுவார்.

எண்ணுவதும் நம்மால் முடியும். 1 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால், இயல்பு நிலையில் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜனும் அதில் பாதி ஆக்சிஜனும் வர வேண்டும், கலம் 0.336 கிராம் நீரை இழக்க வேண்டும். வந்த வாயுவைத் தலைகீழாகக் கவிழ்த்த அளவுகுழாயில் பிடித்து, கலத்தைத் தராசில் நிறுத்து, இரண்டையும், ஓடிய மின்னோட்டத்துக்கு எவ்வளவு வாயு வர வேண்டும் என்று சொல்லும் ஃபாரடேயின் கணக்கோடு ஒப்பிட்டால், எவ்வளவு உள்ளேயே கூடியது என்பது தெரிந்துவிடும். அதே நேரத்தில் வெப்பத்தை அளந்தால், காணாமற்போன வாயுவும் தோன்றிய வெப்பமும் ஒன்றுக்கொன்று ஈடாகின்றனவா என்று பார்க்கலாம். ஈடானால் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ஈடாகாமல் மீதம் நின்றால், நம் அளவீட்டில் எங்கே ஓட்டை என்று தேட அடுத்த இரண்டு மாதம் இருக்கிறது.

இதனோடு ஷானஹனின் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அளவித்திருத்தத்துக்கான சிறு மின்தடைச் சூடேற்றியை ஒருமுறை கலத்தின் அடியிலும், மறுமுறை நீரின் மேற்பரப்பை ஒட்டியும் வைத்து, அதே வாட் அளவுக்கு இருவேறு வெப்பநிலை உயர்வு காட்டுகிறதா என்று பார்த்தால் போதும். எந்தத் தரப்பையும் சாராமல் இதைச் செய்ய முடியும்.

எங்கள் கடற்கரையின் குறைகள் இந்தச் சோதனையில் மட்டும் பாடமாக மாறுகின்றன. உப்புக்காற்றில் செம்பு இணைப்புகளில் களிம்பு ஏறும். அந்த இணைப்பில் விழும் மின்னழுத்தத்தையும் கலத்தின் மின்னழுத்தமாகக் கணக்கிட்டால் உள்ளீடு பொய்யாக உயரும். ஆகவே மின்னழுத்தத்தைக் கலத்தின் மின்வாய்களிலேயே தனிக் கம்பிகளால் அளக்க வேண்டும். மின்வாயில் குமிழி எழுந்து விலகும்தோறும் மின்னழுத்தம் துடிக்கும்; மின்னோட்டத்தை நிலையாக வைத்தால்தான் சராசரி மின்னழுத்தத்தைக்கொண்டு திறனைக் கணிக்கலாம். மாலையில் கடற்காற்று ஏறும்போது அறையின் வெப்பநிலை இறங்கும். தொட்டியின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் அந்த இறக்கம் பதிவில் விளைவாக நிற்கும். உப்பளத்துப் பிள்ளைக்கு இதை விளக்க எனக்கு நேரம் ஆகவில்லை. பாத்தியில் உப்புநீர் எத்தனை டிகிரிக்கு ஏறியிருக்கிறது என்பதை அவர் தந்தை கண்ணால் மதித்தாலும், மிதவையை இட்டுப் பார்த்துத்தான் மடை திறப்பாராம்.

மாணவர்கள் ஒரு மறுப்பைச் சொன்னார்கள், அது நியாயமானது. இதில் குளிர் இணைவே இல்லையே, இணைவு நடக்க முடியாத கலத்தைக்கொண்டு என்ன கண்டுபிடிப்போம் என்றார்கள். உண்மைதான். இந்த வழியில் புதிய ஆற்றல் மூலம் கிடைக்காது. முதல் வழி தரக்கூடிய மயிர்க்கூச்செறியும் கணம் இதில் இராது. 1989-க்குப் பின்னரும் துறை முன்னேறியிருக்கிறது, 2023-இல் அமெரிக்காவின் ஆர்ப்பா-இ அமைப்பு எட்டுத் திட்டங்களுக்கு 1 கோடி டாலர் அளித்தது, 2025-இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, பல்லேடியத்தில் மின்வேதி முறையில் டியூட்டீரியத்தைக் கூட்டி ஏற்றினால் இணைவு வீதம் சராசரியாக 15 விழுக்காடு உயர்வதாக ‘நேச்சர்’ இதழில் காட்டியது என்றெல்லாம் அவர்கள் சொன்னார்கள். அந்தக் கடைசி முடிவு எனக்கும் மகிழ்ச்சி தந்த ஒன்று. ஆனால் அது மேசைக் கலத்து வெப்பம் அன்று. வேகமூட்டிய டியூட்டீரியம் அயனிகளை இலக்கில் மோதி, வந்த நியூட்ரான்களை எண்ணிப் பெற்ற முடிவு. செலவிட்ட ஆற்றலுக்கு அருகில்கூட வராத அளவே வெளிவந்தது. அந்தக் குழுவின் முதன்மை ஆய்வாளர் கர்டிஸ் பெர்லிங்கெட், 2019-ஆம் ஆண்டு எதிர்மறைக் கட்டுரையையும் முன்னின்று எழுதியவர். வெப்பத்தைத் துரத்தியவர் நியூட்ரானுக்குத் திரும்பியதன் காரணத்தை என் மாணவர்கள் தங்கள் கையால் அளந்து உணர வேண்டும் என்று விரும்புகிறேன்.

எனவே நான்காம் வழிக்கே கையெழுத்திட்டேன். ஒரு நிபந்தனையையும் சேர்த்திருக்கிறேன். சூடேற்றியின் திறனை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நான் தனியே தீர்மானித்து, எண்ணைத் தாளில் எழுதி, உறையில் இட்டு ஒட்டிவிடுவேன். சில உறைகளில் சுழியமும் இருக்கும். மாணவர்கள் மூவரும் தனித்தனியே பதிவைப் படித்து, வெப்பம் எவ்வளவு வந்தது, பிழை எல்லை எவ்வளவு என்று எழுதிக் கொடுத்த பிறகே உறையைப் பிரிப்போம். சுழியமான ஓட்டத்தில் யாராவது மிகை வெப்பம் கண்டிருந்தால், அதைக் கண்ட விதம் ஆய்வேட்டின் முதல் அத்தியாயமாக வரும்.

வேதியியல் துறை நண்பர் பொட்டாசியம் கார்பனேட்டும் பழைய பிளாட்டினக் கம்பியும் தர இசைந்திருக்கிறார். நிக்கல் வலை மதுரையிலிருந்து வர வேண்டும். வாயுக்களைத் தள்ளி வெளியேற்ற நைட்ரஜன் உருளைக்கு எழுதியிருக்கிறோம். தொட்டியின் வெப்பநிலையை பத்தில் ஒரு பாகைக்குள் நிறுத்தும் கட்டுப்பாட்டை மாணவி இப்போது அமைத்துக்கொண்டிருக்கிறார். நேற்று மாலை ஆறு மணிக்குக் கடற்காற்று ஏறியபோது அது அரைப் பாகை இறங்கியது. அது சரியாகும்வரை முதல் உறையை நான் ஒட்டப்போவதில்லை.